கிடங்கில் சில்லறை விற்பனை கிடையாது

சோப்புப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் டீத்தூளை அடுக்கக் கூடாது, ஐயா. வெளியாட்களுக்கு இது தெரியாது. இரண்டும் ஒரே லாரியில்தான் வரும், இரண்டும் அட்டைப்பெட்டிதான், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் இடம் மிச்சம் என்று தோன்றும். ஒரு வாரம் கழித்து அந்தத் தூளில் டீ போட்டுக் குடித்துப் பாருங்கள், குளித்த தண்ணீரைக் குடித்த மாதிரி இருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு முறை அப்படி அடுக்கிவிட்டு, கடை கடையாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு சோப்பு தெருப்பக்கச் சுவர், டீத்தூள் உள்பக்கச் சுவர், பிஸ்கட் நடுவில், குழந்தைகளுக்கான பால் பவுடர் மட்டும் மேலே பரணில் என்று வைத்துக்கொண்டேன். பால் பவுடர் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதைக் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டேன். உங்கள் ஆட்கள் ஏணி போட்டு இறக்கினார்களே, ஒரு டப்பாவிலாவது நசுங்கல் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

நடந்ததை மட்டும் சொல் என்கிறீர்கள். சொல்கிறேன். இடையிடையே சரக்கைப் பற்றிப் பேசினால் சுற்றி வளைக்கிறான் என்று நினைக்க வேண்டாம். சரக்கைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

நான் விநியோகஸ்தன். கம்பெனி எனக்குக் கொடுக்கும், நான் கடைகளுக்குக் கொடுப்பேன், கடைக்காரர்கள் ஜனங்களுக்குக் கொடுப்பார்கள். என் கிடங்குக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: சில்லறை விற்பனை கிடையாது. வழியில் போகிறவர் ஒருவர் வந்து ஒரே ஒரு சோப்பு கேட்டாலும் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் அது கடைக்காரர் வயிற்றில் அடிப்பது. என் வீட்டுக்கு வேண்டிய சோப்பைக்கூட என் மனைவி கடைத்தெருவில் காசு கொடுத்துத்தான் வாங்குவாள். "நம்ம சோப்பை நானே போய் வாங்கிட்டு வரேன், பாக்கறவங்க சிரிக்கிறாங்க" என்று சலித்துக்கொள்வாள். சிரிக்கட்டும் என்பேன். இந்தத் தொழிலில் என்னைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் ஒன்று சொல்வார்கள், ஆள் பார்த்து நடக்கிறவன் கிடையாது என்று.

அவள் வாங்குவது என் அத்தான் கடையில். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கடைத்தெருவின் நடுவில் இருக்கிறது அவருடைய மளிகைக்கடை. எனக்கு ஏஜென்சி கிடைப்பதற்கு முன்னால், இவன் யார், நம்பலாமா என்று கம்பெனிக்காரர்கள் தெருவில் வந்து விசாரித்தபோது, "என் மச்சான், என்னைவிட நாணயமானவன்" என்று சொன்னவர் அவர். என்னிடம் முதல் பெட்டி எடுத்ததும் அவர்தான். சின்ன வயதில் எங்களுக்கு அம்மா இல்லாததால் என்னைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அக்கா. இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பாள். புகார் கொடுத்ததே அவள்தானே.

அவர்களுக்கு ஒரே மகள். பேசிக்கொண்டே இருப்பாள் என்பதால் சிட்டு என்று கூப்பிடுவோம். அவள் கணவனுக்கு வெளியூரில் வேலை. கைக்குழந்தையோடு அவள் அப்பா வீட்டில்தான் இருந்தாள். அந்தப் பொடிசுக்குப் பிறந்ததிலிருந்து எந்தப் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. தாய்ப்பாலும் சேரவில்லை, டப்பாப் பாலும் சேரவில்லை. குடித்தால் வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு, அதில் ரத்தம். டாக்டர் ஒரு தனி பால் பவுடர் எழுதிக் கொடுத்தார். நீல மூடி போட்ட டப்பா. தொழிலில் அதை நாங்கள் நீல மூடி என்றே சொல்வோம். அது எங்கள் கம்பெனிச் சரக்கு.

நீல மூடி நகராத சரக்கு, ஐயா. ஊரில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குத்தான் அது தேவைப்படும். மருந்துக்கடைக்காரர்களிடம் எடுக்கச் சொன்னால், தூசி படிவதற்கா என்று சிரிப்பார்கள். ஆனால் கம்பெனி விடாது. சோப்பு வேண்டுமென்றால் நீல மூடியும் ஒரு பெட்டி எடு என்று என் தலையில் கட்டிவிடும். நான் அதைப் பரணில் போட்டு வைத்திருந்து, காலம் முடிந்ததும் திருப்பி அனுப்புவேன். சிட்டுவின் குழந்தை வந்த பிறகுதான் அந்தச் சரக்குக்கு ஒரு கடை கிடைத்தது. அத்தான் கடை. நம் வீட்டுப் பிள்ளைக்கு நம் சரக்கு என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு தெருமுனையில் அந்தப் பெரிய கடை வந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், தள்ளிக்கொண்டு போக வண்டி, வாசலில் வணக்கம் சொல்ல ஒரு ஆள். வரட்டும், கூட்டம் பார்க்கப் போகும், பிறகு நம்மிடம் திரும்பும் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். திறந்த மாதமே என் சோப்பை அவர்கள் விற்ற விலையைப் பார்த்து எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. நான் கம்பெனியிடம் வாங்குகிற விலைக்கும் கீழே இருந்தது. அவர்களுக்குக் கம்பெனியே நேரடியாகக் கொடுக்கிறது, தனி விலையில். என் கம்பெனி, என் சோப்பு, என்னைத் தாண்டிப் போய் என் தெருவிலேயே எனக்குப் போட்டியாக நிற்கிறது. யாரிடம் போய் முறையிடுவது, சொல்லுங்கள்.

கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா. காலையில் அந்தக் கடைக்கே போனார்கள். ஒரு ஆளுக்கு இத்தனை சோப்புத்தான் என்று அங்கே கட்டுப்பாடு உண்டு. அதனால் மனைவி, மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் என்று கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்கள். ஒரு நாள் நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். வருஷக்கணக்காக என்னிடம் சரக்கு எடுத்தவர்கள், முன்பின் தெரியாதவர்கள் போல ஒருவருக்குப் பின் ஒருவர் வரிசையில் நிற்கிறார்கள். டீக்கடைக்காரர் மட்டும் என்னைப் பார்த்துவிட்டு, தலைவலி மாத்திரை வாங்க வந்தவர் மாதிரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சிரிப்பு வந்தது எனக்கு. கிடங்குக்குத் திரும்பி வந்து பார்த்தபோது தெருப்பக்கச் சுவரில் சோப்பு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிரிப்பு போய்விட்டது.

கம்பெனியின் ஏரியா மேனேஜர் மாதக் கடைசியில் வருவார். சின்னப் பையன்தான், மரியாதையாகப் பேசுவார். எல்லாவற்றையும் 'நாம' என்றுதான் சொல்வார். "சார், இந்த மாசம் நாம டார்கெட்டை முடிச்சே ஆகணும். போன மாசமும் நாம விட்டுட்டோம்."

"பெரிய கடைக்கு நீங்க அந்த விலைல குடுத்தா, நான் எப்படி விக்கிறது?"

"அது வேற டிபார்ட்மென்ட் சார். அதுல எனக்கே ஒண்ணும் சொல்ல உரிமை இல்ல." சோப்புச் சுவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஏஜென்சி கேட்டு ரெண்டு பேர் வந்துட்டுப் போயிருக்காங்க. நாம கொஞ்சம் யோசிக்கணும்" என்றார்.

அந்த 'நாம'வில் நான் இல்லை என்று எனக்குப் புரிந்தது. பயமாக இருந்தது, ஐயா. என் கிடங்கை நம்பி வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், டிரைவர் இருக்கிறார், என் பிள்ளைகள் படிக்கிறார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது. போகும்போது மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். கடைக்காரர்களுக்கு அவசியமாக வேண்டிய சரக்கு எதுவோ, அதைச் சோப்போடு சேர்த்துக் கொடுங்கள், இது வேண்டுமென்றால் அதையும் எடு என்று. கம்பெனி எனக்குச் செய்வதை நான் கடைகளுக்குச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். தப்பான யோசனை என்று சொல்ல முடியாது.

டீத்தூளோடு சேர்த்துப் பார்த்தேன். அத்தான் கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவர். அவர் ஒரு கூட்டம் போட்டு, பெரிய கடை விலைக்கு சோப்பைக் கொடுக்கும்வரை யாரும் என்னிடம் எதையும் சேர்த்து எடுக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார். டீத்தூளையும் பெரிய கடையிலேயே வாங்கிக்கொண்டார்கள். முடிவைச் சொல்ல அவரே கிடங்குக்கு வந்தார். வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"மச்சான், கோச்சுக்காத. அவன் குடுக்கற விலைக்கு நீ குடு, நாளைக்கே உன் குடோனைக் காலி பண்ணிடறோம்."

"எனக்கே அந்த விலைக்கு வரல அத்தான். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நான் உனக்காக ஒரு விலைக்கு வாங்கி, ஜனங்க கிட்ட ஒரு விலை சொன்னா, என் கடைல நான் ஈ ஓட்ட வேண்டியதுதான். உறவு வேற, வியாபாரம் வேற."

உறவு வேறு, வியாபாரம் வேறு. சொன்னது அவர். சிரித்துக்கொண்டே சொன்னார், என் தோளையும் தட்டினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நிலைமையில் நானும் அதையே சொல்லியிருப்பேன். இதைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள், கோபத்தில் நான் எதையும் செய்யவில்லை.

அன்று மத்தியானம் கிடங்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். என்னிடம் இருக்கிற, பெரிய கடையில் இல்லாத சரக்கு எது. சோப்பு அங்கே இருக்கிறது. டீத்தூள் இருக்கிறது. பிஸ்கட் மலைபோலக் கிடக்கிறது. பால் பவுடர்கூட வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பரணை அண்ணாந்து பார்த்தேன். நகராத சரக்கை அந்த மாதிரிக் கடைகள் வைக்காது, அவர்களுக்கு ஒவ்வொரு அடி அலமாரியும் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். ஆகவே நீல மூடி அங்கே கிடையாது. மருந்துக்கடையில் கிடையாது. இந்த ஏரியா முழுக்க என் பரணில் மட்டும்தான் இருந்தது. பெரிய கடையால் என்னை ஜெயிக்க முடியாத ஒரே சரக்கு அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சேல்ஸ்மேனைக் கூப்பிட்டு, அத்தான் கடையில் நீல மூடி கேட்டால் கம்பெனியிலிருந்து வரவில்லை என்று சொல்லச் சொன்னேன்.

"மேல இருக்கேண்ணே" என்றார்.

"இருக்கட்டும். சொல்லுங்க."

என் கணக்கு எளிமையானது. வீட்டில் இருக்கிற டப்பா தீரும். அத்தான் என்னிடம் வருவார். அதற்குள் கம்பெனியிலிருந்து வரவழைத்துவிட்டேன், சோப்போடுதான் கொடுத்தார்கள் என்பேன். அவர் சோப்பை எடுப்பார். தலைவர் எடுத்துவிட்டால் தெருவே எடுக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை, டப்பா தீர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். குழந்தையை நான் நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன். நினைத்ததால்தான் இது சீக்கிரம் முடியும் என்று நம்பினேன்.

ஆனால் அத்தான் என்னிடம் வரவில்லை. பக்கத்து ஏரியா விநியோகஸ்தரிடம் ஆள் அனுப்பினார். இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு ஏரியாச் சரக்கு இன்னொரு ஏரியாவில் போய் விற்கக் கூடாது. பெட்டிமேல் எண் இருக்கும், அதைப் பார்த்தால் எந்தக் கிடங்கிலிருந்து கசிந்தது என்று சொல்லிவிடலாம். பிடிபட்டால் ஏஜென்சியே போய்விடும். முன்பு ஒரு தடவை அந்த விநியோகஸ்தருடைய பிஸ்கட் என் தெருவில் வந்தது, நான் கம்பெனிக்குச் சொல்லி அவர் படாத பாடு பட்டார். அதனால் அத்தான் ஆள் போய்க் கேட்டதும், ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவரே எனக்கு போன் செய்தார்.

"உங்க ஏரியாக் கடைதான். உங்ககிட்ட ஸ்டாக் இல்லையாமே. ரெண்டு டப்பா குடுத்து விடவா?"

"வேண்டாண்ணே. உங்க நம்பர் போட்ட டப்பா இங்க தெரியக் கூடாது."

"கைக்குழந்தைக்குன்னு சொல்றாங்கப்பா."

"எல்லாரும் குழந்தைக்குன்னுதான் சொல்லுவாங்க. நான் பாத்துக்கறேன், வெச்சிடுங்க."

அவர் சரி என்று வைத்துவிட்டார். விதிப்படி அவர் செய்தது சரி, நான் சொன்னதும் சரி. அத்தானும் விடவில்லை, தலைநகரத்துக்குத் தபாலில் எழுதிப் போட்டு வரவழைக்க ஏற்பாடு செய்தார். அது வந்து சேர நாளாகும் என்று எனக்குத் தெரியும். விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக நாங்கள் இரண்டு பேரும் கடைத்தெருவில் எதிரெதிரே வந்தால் நலம் விசாரித்துக்கொண்டோம். நீல மூடி பற்றி அவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. என்னிடம் இல்லை என்று அவர் முழுசாக நம்பினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சந்தேகப்பட்டு வந்து சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நம்பிக்கொண்டே இருந்தார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

பிறகு ஒரு நாள் முற்பகலில் சிட்டு வந்தாள். குழந்தை தோளில் இருந்தது. நாற்காலி இருந்தும் டீத்தூள் பெட்டிமேலேயே உட்கார்ந்தாள், சின்ன வயதிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம். வழக்கமாக வாசலில் நுழையும்போதே பேச ஆரம்பிப்பவள், அன்று உட்கார்ந்து மூச்சு வாங்கின பிறகுதான் பேசினாள்.

"மாமா, நீல மூடி எப்ப வரும்?"

"எழுதிப் போட்டிருக்கேம்மா. லாரில வரணும்."

"டப்பால அடிதான் இருக்கு மாமா. அளவைக் குறைச்சுக் குறைச்சுக் குடுக்கறேன். ராத்திரி பகல் அழுகை. இப்ப அழக்கூட மாட்டேங்குது, சும்மா முழிச்சிப் பாக்குது." குழந்தையைத் திருப்பி என் பக்கம் காட்டினாள். "பாருங்க, மாமாவைப் பாத்தா மட்டும் சிரிப்பு."

அது சிரிக்கவில்லை. என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா ரொம்ப அலையறாரு. உங்ககிட்ட கேட்டா உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும், சரக்கு வராம அவனே தவிக்கிறான்னு சொன்னாரு. நான்தான் கேக்காம வந்துட்டேன். நீங்க இருக்கறப்ப எனக்கென்ன பயம்?"

அந்த நிமிஷம் ஏணி போட்டு ஏறியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். கால் ஏணிப் பக்கம் போகக்கூடச் செய்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சொந்தக்காரப் பெண் என்பதற்காகக் கிடங்கிலிருந்து ஒரு டப்பா கொடுத்துவிட்டால் அது சில்லறை. அத்தனை வருஷமாக ஒருத்தருக்கும் கொடுக்காதவன், அக்கா மகளுக்குக் கொடுத்தான் என்று தெரு பேசும். கூடவே இத்தனை நாள் சரக்கு இருந்ததும் வெளியே வரும். அத்தான் சோப்பு எடுக்க வேண்டிய அவசியமும் போய்விடும். பட்ட பாடு அத்தனையும் வீண். மாதக் கடைசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அவளே கேட்டாள். "மாமா, சாதாப் பால் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பாக்கலாமா? ஒருவேளை இப்ப ஏத்துக்குமோ? டாக்டர் கூடவே கூடாதுன்னாரு. ஆனா பட்டினி போடறதுக்கு அது மேல் இல்லையா?"

டப்பாவின் பின்புறம் எழுதியிருப்பதை நான் படித்திருக்கிறேன், ஐயா. என் சரக்கு எதுவானாலும் படித்துவிடுவேன். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. எனக்குத் தெரியும்.

"குடுத்துப் பாரேம்மா" என்றேன். "கொஞ்சம் வளந்துட்டா சில குழந்தைங்களுக்கு ஒத்துக்கும்."

சாதாரண பால் பவுடரில் ஒரு சின்ன டப்பாவை எடுத்து அவள் பையில் போட்டேன். கம்பெனி விளம்பரத்துக்கு என்று கொடுக்கிற சாம்பிள் அது. சாம்பிள் சில்லறையில் சேராது, அதற்கு விலை கிடையாது, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். விதியை நான் மீறவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ் மாமா" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது, இதை நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை.

ஏன் கொடுத்தேன் என்று உங்கள் பெரிய அதிகாரி நேற்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். பரிதாபப்பட்டுக் கொடுத்தேன் என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. இன்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாலைக் குடித்தால் குழந்தை வாந்தி எடுக்கும் என்று எனக்குத் தெரியும். எடுத்தால் சிட்டு பதறுவாள். அவள் பதறினால் அத்தான் பிடிவாதத்தை விட்டு, எப்படியாவது கம்பெனியிலிருந்து வரவழைத்துக் கொடு, என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்று என்னிடம் ஓடி வருவார். எல்லாம் கொஞ்சம் சீக்கிரமாக நடக்கட்டும் என்றுதான் கொடுத்தேன். குழந்தை ஏற்கெனவே இளைத்துப்போயிருந்தது. அதற்கு எவ்வளவு தாங்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. எனக்குச் சரக்குத்தான் தெரியும், டாக்டருக்குப் படித்தவன் இல்லை.

கணக்குப் பலித்தது. அடுத்த நாள் காலையில் அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது.

"மச்சான், குழந்தைக்கு வயித்துப்போக்கு நிக்கவே இல்லப்பா. தண்ணி ஏத்தறாங்க. அந்தப் பால் இருந்தா கொண்டு வாங்கன்றாரு டாக்டர். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், எங்கேயாவது புரட்டிக் குடு. கம்பெனில சோப்போட சேத்துத்தான் தருவாங்கன்னா, உன் சோப்பு மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன். தெருவுல எல்லாரையும் எடுக்க வைக்கிறேன்."

சோப்பைப் பற்றி நான் பேச்செடுக்கவே இல்லை. அவராகவே சொன்னார். எனக்கு உடம்பே லேசானது. அனுப்புகிறேன் அத்தான், கவலைப்படாதீங்க என்றேன்.

உடனே ஆட்களைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றச் சொன்னேன். நானும் கூட நின்று தூக்கிக் கொடுத்தேன். சோப்பு கனமானது, கீழே ஏற்ற வேண்டும். நீல மூடி இலேசு, நசுங்கிவிடும், கடைசியில் மேலாக வைக்க வேண்டும். அந்த முறையில்தான் ஏற்றினோம். சேல்ஸ்மேன், "அண்ணே, டப்பாவை மட்டும் பைக்ல நான் கொண்டு போய் ஆஸ்பத்திரில குடுத்துட்டு வரேன்" என்றார். வேண்டாம், சோப்பு இறங்காமல் டப்பா மட்டும் போய்விட்டால் நாளைக்கு அவர் மனசு மாறலாம், இரண்டும் ஒன்றாகவே கடையில் இறங்கட்டும் என்றேன். வண்டி கிளம்ப மத்தியானம் ஆகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது அத்தான் கடை பூட்டியிருந்தது. டிரைவர் எதிர்க்கடைத் திண்ணையில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு எனக்கு போன் செய்தார். பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. குழந்தை போய்விட்டது என்று அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் போனேன். வாசலில் கடைத்தெரு முழுவதும் நின்றது. சிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் மேல் சாய்ந்துகொண்டாள், "நீங்க என்ன மாமா பண்ணுவீங்க, சரக்கு வரலையே" என்றாள். அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அத்தான் சுவரோரம் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, "சரக்கை எதிர்க்கடைல இறக்கிட்டாங்களாமே, நான் எடுத்துக்கறேன், வாக்கு குடுத்திருக்கேன்" என்றார். நாணயமான மனிதர். தெருவில் எல்லாரும் எடுத்தார்கள், எனக்காக இல்லை, அவருக்காக. அந்த மாதம் டார்கெட் முடிந்தது. நாம சாதிச்சுட்டோம் என்று மேனேஜர் செய்தி அனுப்பியிருந்தார்.

அக்கா கிடங்குக்கு வந்தது அதற்குப் பிறகு. கையில் திறக்காத நீல மூடி டப்பா ஒன்று. கடைக்காரர் மனைவி, டப்பாவின் அடியில் இருக்கிற எண்ணையும் தேதியையும் படிக்கத் தெரிந்தவள். மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"டேய், இது எப்ப வந்த சரக்கு?"

தேதி விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை, ஐயா. பெரிய கடை திறப்பதற்கு முன்னாலேயே வந்தது என்று சொன்னேன். அவள் பரணை அண்ணாந்து பார்த்தாள். மீதி அங்கே இருந்தது, நான் மறைத்து வைக்கவில்லை. அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சின்ன வயதில் பல்பம் தொலைத்ததற்கெல்லாம் அடிப்பாள். அதொன்றும் செய்யாமல் டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டாள். அவளுக்கும் வேறு வழியில்லை, எனக்குப் புரிகிறது.

அவ்வளவுதான். சரக்கை நிறுத்தியது நான், பக்கத்து ஏரியாவிலிருந்து வரவிடாமல் தடுத்தது நான், ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தே அந்தப் பாலைக் கொடுத்ததும் நான். எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் மறுபடி மறுபடி ஒன்றையே கேட்கிறீர்கள். சில்லறைதான் கூடாது, சாம்பிள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றால், அன்றைக்கு அவள் பையில் போட்டது அந்த நீல மூடி ஒன்றாக ஏன் இருந்திருக்கக் கூடாது என்று. நியாயமான கேள்வி. இந்த அறையில் உட்கார்ந்து நானும் அதை யோசித்துப் பார்த்துவிட்டேன். அதில் என் தப்பு எதுவும் இல்லை. நீல மூடிக்குக் கம்பெனி சாம்பிள் தருவதில்லை, ஐயா.